வறுத்துத் தின்னச் சொன்ன சிப்

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. முதல் வார்த்தையே பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். இங்கே நலம் இல்லை. பட்டறையில் வயர்கட் மெஷின் நின்றுபோய்க் கிடக்கிறது. அதை ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டரில் ப்ராசசர் செத்துவிட்டது. வருகிற சனிக்கிழமை காலையில் கம்பெனிக்காரர்கள் டெம்போவோடு வந்து, நம்மிடம் வெட்டக் கொடுத்திருக்கும் டை அச்சுகளை எல்லாம் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஒரு கம்பெனி வேலைதான் நம் பட்டறை. அது போனால் ஷட்டரை இறக்கிவிட்டு நானும் உன் அம்மாவும் பாரூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து கொக்கு எண்ண வேண்டியதுதான். சனிக்கிழமைக்குள் அதே ரகத்தில் ஒரு ப்ராசசர் வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் செய்வதை நிறுத்தி ரொம்ப காலம் ஆகிறது. ஓசூர் சிப்காட்டில் பட்டறை வைத்திருக்கிறேன், ஒரு சிப் காட்ட ஆளில்லை. இதற்குச் சிரிக்காதே. இப்படி ஏதாவது பேசாவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, அதனால் பேசுகிறேன்.

கவரை ஒட்டாமல்தான் கொடுத்திருக்கிறேன். வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும், மறைக்க இனி ஒன்றுமில்லை. தவிர, நான் எதன் மேலாவது எதையாவது தடவினால் என்ன ஆகும் என்பதை இந்த ஆயுத பூஜைக்குப் பார்த்துவிட்டேன்.

நம் பட்டறை ஆயுத பூஜை உனக்குத் தெரியாததில்லை. மெஷினுக்குப் பெயிண்ட், வாசலில் வாழைக்கன்று, ஸ்பேனரிலிருந்து வெர்னியர் வரைக்கும் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம், கடைசியில் பூசணிக்காய், பொரி கடலை. கம்ப்யூட்டருக்கு வருஷா வருஷம் பெட்டிக்கு மேலே ஒரு பொட்டோடு சரி. இந்த வருஷம் அதன் ஃபேன் உறுமிக்கொண்டே இருந்தது. உள்ளேயும் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டால் சாமிக்கும் திருப்தி, ஃபேனுக்கும் திருப்தி என்று பெட்டியைத் திறந்தேன். வெங்கடேஷ் குறுக்கே வந்து நின்றான். அவன் நீ பெங்களூர் போன பிறகு சேர்ந்த ஆபரேட்டர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம்.

"சார், அது ஆயுதம் கெடயாது சார். கம்ப்யூட்டரு."

"நமக்குச் சோறு போடுறது எதுப்பா?"

"அதுதான் சார்."

"அப்ப அதுதான் ஆயுதம். தள்ளு."

ஃபேனைப் பிடித்து இழுத்தேன். அடியில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது போல, ஃபேனோடு சேர்ந்து ப்ராசசரும் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதன் முதுகில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்ததை, பல வருஷத்து அழுக்கு என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டினேன். அது சூட்டை ஃபேனுக்குக் கடத்துகிற பேஸ்ட்டாம். எனக்கு யார் சொன்னார்கள்? சுரண்டிய இடத்தில் நெற்றியில் இழுப்பது போல மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, திரும்பக் குழியில் வைத்து அழுத்தினேன். எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று பார்க்கவில்லை. அடியில் பின் எல்லாம் நாற்று மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உன் அம்மாவின் ஊசியை வாங்கி ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். நிமிர்த்தும்போது ஓரத்தில் இரண்டு ஒடிந்து கையோடு வந்துவிட்டன. சிப், பல்லுப் போன சீப்பாகிவிட்டது. இரண்டு பின் போனால் இவ்வளவு பின்னடைவு என்று எனக்குத் தெரியாது. சரி, சாமி பார்த்துக்கொள்ளும் என்று சுவிட்சைப் போட்டேன். பட்டறை முழுக்கச் சந்தன வாசனை. திரையில் ஒன்றும் வரவில்லை. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி கும்பிடச் சொன்னா அபிஷேகமே பண்ணி முடிச்சிட்டீங்களா" என்றாள். ப்ராசசர் பிரசாதமாகிவிட்டது.

அந்தத் திரையில் காலையில் முதலில் என்ன வரும் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பத்தாவது படிக்கும்போது, உன் கம்ப்யூட்டர் மவுஸின் அடியில் நான் துண்டுக் காகிதம் ஒட்டி வைத்தேன். அம்பு நகரவில்லை என்று நீ மத்தியானம் முழுக்க மொத்தப் பெட்டியையும் கழற்றிப் பரப்பினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன ஆச்சுன்னே தெரியலையேப்பா" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பழி வாங்க, வயர்கட் கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் இங்கிலீஷ் எழுத்தில் "அப்பா, டீ எங்கே" என்று முதல் வரி காட்டும்படி உள்ளே எதையோ எழுதிவைத்தாய். எனக்கு அதை அழிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அழித்திருக்க மாட்டேன். நீ வீட்டில் இல்லாத இந்த இரண்டு வருஷமும் தினம் காலையில் அது கேட்கும், நான் வெங்கடேஷைக் கடைக்கு அனுப்புவேன். இப்போது கேட்க ஆளில்லாமல் டீ குடிக்கிறேன்.

உனக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை, நீ படித்தவன். இருந்தாலும் ஒரு செத்த சிப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் நான் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். பழசு தானே, பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற சாமான், சல்லிசாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். ஓசூரில் கேட்ட கடையில் எல்லாம் சிரித்தார்கள். ஒருவர் இரக்கப்பட்டு, அதே குழியில் உட்காரும், ஆனால் இதைவிட வேகமானது என்று வேறொன்றைக் கொடுத்தார். போட்டதும் திரை வந்தது, "அப்பா, டீ எங்கே" கூட வந்தது. நான் வெங்கடேஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வெட்ட ஆரம்பித்ததும், இரும்பை அறுக்க வேண்டிய வயரே அறுந்தது. மறுபடி கோர்த்தோம், மறுபடி அறுந்தது. அந்த சாஃப்ட்வேர் பழைய ப்ராசசரின் நடைக்குத் தாளம் போட்டு எழுதியதாம். வேகமான மாட்டைப் பூட்டினால் ஏர் பின்னால் வராது, உடையும். எழுதின கம்பெனியைத் தேடினால் அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றால் மெஷினோடு பேசுகிற கார்டைச் சொருகப் புது போர்டில் இடமே கிடையாது. கார்டை மாற்றினால் சாஃப்ட்வேர் போச்சு, சாஃப்ட்வேர் போனால் மெஷின் போச்சு. புது மெஷின் விலையைக் கேட்டபோது என் காதிலேயே ஃபேன் உறுமியது.

அப்போதுதான் புரிந்தது. நாம் வாங்குவது ஒரு சின்னச் சில்லு இல்லை. அந்தச் சில்லு இல்லாவிட்டால் எதையெல்லாம் தூக்கிப்போட வேண்டுமோ, அதற்கெல்லாம் சேர்த்துத்தான் விலை. கிருஷ்ணகிரி மண்டியில் சீசனில் மாங்காய் காலில் இடறும், சீசன் முடிந்ததும் யானை விலை விற்கும். ஆனால் அடுத்த வருஷம் மறுபடி காய்க்கும் என்கிற ஒரு நம்பிக்கை மாங்காய்க்கு உண்டு. இதற்கு மரத்தையே வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த காயிலும் பாதியைத் தங்கம் எடுக்கிறேன் என்று எடைக்கு வாங்கி உருக்கிவிட்டார்கள். மிச்சத்தை என்னைப் போன்றவர்கள் சந்தனம் தடவிக் கொன்றுவிட்டார்கள். உயிரோடு இருப்பது கொஞ்சம், அதையே நம்பி ஓடுகிற மெஷின் அங்கங்கே. அத்தனை பட்டறைக்காரனும் ஒரே காய்க்கு அடித்துக்கொள்கிறான். இந்த இடத்தில், நானும் ஒரு பழைய ப்ராசசர்தான் மகனே என்று எழுதுவேன் என்று நீ பயந்திருப்பாய். எழுத மாட்டேன். எனக்கு அந்த விலை யாரும் தர மாட்டார்கள்.

ஊரெல்லாம் அலைந்து முடித்து, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு வந்தேன். சந்துக்குள் ஒரு கடை. பழைய போர்டுகளைத் தேங்காய் மட்டை மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். செத்த சிப்பைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "சிக்கல்ல" என்றார். சிக்கல் இல்லையாம் என்று ஒரு கணம் மனசு குளிர்ந்துவிட்டது. எல்லையில் இத்தனை வருஷம் குடியிருந்தும், அந்த அளவுக்கு மூளை கலங்கிப்போயிருந்தேன். கன்னடத்தில் அதற்குக் கிடைக்காது என்று அர்த்தம். நான் போகாமல் நின்றதைப் பார்த்து, "ஒந்தே ஒந்து, ஒரே ஒண்ணு இருக்கு ஸ்வாமி. என்னுது இல்ல, வேற பார்ட்டிது" என்று ஒரு விலை சொன்னார். நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பேரம் பேசினேன். அவர் கையை விரித்தார். "விலை அந்தப் பையன் வெச்சது ஸ்வாமி, குறைக்க மாட்டான்" என்றார். எனக்கு வாய் நிற்கவில்லை. "கொள்ளைக்காரனா இருப்பான் போல. செத்தவன் வீட்டுல சுண்ணாம்பு கேக்கிற பய. அவனுக்கெல்லாம் அப்பன் ஆத்தா கிடையாதா? பெத்தவன் என்னத்தச் சொல்லி வளர்த்தானோ" என்றேன்.

"இருக்காங்களாம் ஸ்வாமி. நிம்ம ஊரே, ஓசூரு" என்றார். சொல்லிக்கொண்டே செல்போனில் சாமானின் போட்டோவைக் காட்டினார்.

பச்சைச் சில்லின் மூலையில் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்புக் கறை.

உலகத்தில் ப்ராசசருக்குக் குங்குமம் வைக்கிற கிறுக்கன் ஒருத்தன்தான். மெஷினை நமக்கு விற்றவர், இது தேவைப்படும், வைத்துக்கொள்ளுங்கள் என்று கூடக் கொடுத்த ஸ்பேர் அது. பல்பொடி டப்பாவில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு டப்பாவைத் திறந்து அதற்கும் மூலையில் ஒரு பொட்டு வைப்பேன், உட்கார்ந்திருக்கிற ஆயுதம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று. பெங்களூர் கிளம்பின அன்றைக்குக் காலையில் நீ அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாய், "அப்பா, இந்தச் சிப்ப நான் எடுத்துக்கட்டா?" நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எடுத்துட்டுப் போய் வறுத்துத் தின்னுடா" என்றேன். அம்மாகூடச் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை, பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாய். அதன் விலை உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆக, அது உன் பொருள். நான் கொடுத்தது. எடுத்துப் போய்விட்டாய் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நான் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்ததை, பெரியவர் விலைக்கு அதிர்ந்துபோனேன் என்று நினைத்துக்கொண்டார். எனக்காக இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்று போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஓசூர் பார்ட்டி ஒருத்தர் வந்திருக்கார், பாவம், வயசானவர், கொஞ்சம் பார்த்துப் போடப்பா" என்றார். அந்தப் பக்கம் நீ.

"அண்ணா, அது இல்லாம மெஷின் ஓடாதவங்கதான் அதைத் தேடி வருவாங்க. புது மெஷினு என்ன விலைன்னு அவரையே கேளுங்க. அத வெச்சுப் பார்த்தா நான் கேக்கறது ஒண்ணுமே இல்ல" என்றாய்.

"ஸ்வல்ப குறைச்சுக்கோப்பா."

பிறகு வேறு குரலில் சொன்னாய். "முடியாதுண்ணா. இது போகலன்னா எனக்கு இந்த மாசம் ஓடாது. வாடகை குடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

உங்களுக்குத் தெரியாததா என்று அவரிடம் கேட்டாய். எனக்குத் தெரியாது, கண்ணு. போனை வைத்துவிட்டு அவர்தான் சொன்னார். நீ வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது உன்னையும் நிறுத்திவிட்டார்களாம். மழைக்கு முன்னாலேயே வேலை போய்விட்டதாம். பைக்கில் ஃபாக்டரி ஃபாக்டரியாகப் போய், கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களில் உயிரோடு இருக்கிற சிப்புகளைப் பொறுக்கி, சோதித்து, விற்றுக்கொண்டிருக்கிறாயாம். "நல்ல பையன் ஸ்வாமி, செத்த சாமான விக்க மாட்டான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பெத்தவன் சரியாகத்தான் வளர்த்திருக்கிறான் போல என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, செத்த சிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த இடத்திலேயே ஏன் பேசவில்லை என்று கேட்பாய். வாயைத் திறந்திருந்தால் நீ போனை வைத்திருப்பாய், அப்புறம் எடுத்திருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, ஆபீசில் ஏசி ஜாஸ்தி, சளி பிடித்துக்கொண்டது என்று சொல்வாயே, அம்மா அதை நம்பி உனக்குக் கஷாயப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். காவேரிப்பட்டினத்தில் அவள் சொந்தக்காரர்களிடம் ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளை என்று பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டே அந்தச் சளியை எப்படி ஜோடித்தாய்? ஏமாற்று வேலையில் என்னை மிஞ்சிவிட்டாய். நான் மவுஸில் காகிதம் ஒட்டினேன், நீ வாழ்க்கையிலேயே ஒட்டிவிட்டாய். எல்லாவற்றையும் வேடிக்கையாகவே பேசுகிற அப்பனிடம் ஒரு பிள்ளை வேலை போன சேதியை எப்படிச் சொல்வான் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சொன்னால் நான் முதலில் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். ஏதாவது ஒரு கடி ஜோக். சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்கில் பஸ் நகரவே இல்லை, யோசிக்க நேரம் நிறையக் கிடைத்தது.

இந்த வாரம் எடைக்கு வாங்குகிற ஆள் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். தட்டிப் பார்த்தான், பூசணிக்காய் வாங்குகிற மாதிரி. "ஓடாத மெஷினு இரும்புதானே சார்" என்றான். வெங்கடேஷ் அவனைக் கன்னடத்தில் ஏசினான். நான் ஏசவில்லை, அவன் செல்போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த நிலைமைக்கு வந்துவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அதனால் கேட்டுக்கொள். விலையைக் குறைக்காதே. நீ சொன்ன விலை நியாயம், ஊரெல்லாம் அலைந்துவிட்டுத்தான் சொல்கிறேன். மெஷின் ஓடினால் என்னால் கொடுக்க முடியும், கொடுப்பேன். அப்பனுக்குச் சும்மா கொடுத்தேன் என்று உனக்கு ஒரு நஷ்டம் வேண்டாம், எனக்கு ஒரு பெருமையும் வேண்டாம். அறிவுரை என்று ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் இதுதான்: என்ன விலை வேண்டுமானாலும் சொல், ஆனால் சொல்வதற்கு முன்னால் வந்திருப்பது யார் என்று ஒரு வார்த்தை கேள். அப்புறமும் அதே விலையைச் சொல்லலாம், தப்பில்லை. அன்றைக்கு மட்டும் கேட்டிருந்தால், நான் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டியதில்லை.

பெரியவரிடம் விலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். ஒரே நிபந்தனை, விற்கிறவனே வந்து மாட்டிக் கொடுக்க வேண்டும். பின் வளையாமல் வைக்க நம்மிடம் ஆளில்லை, எனக்குச் சந்தனம் தடவ மட்டும்தான் தெரியும். இந்தக் கவரை வெங்கடேஷிடம் கொடுத்து அவர் கடைக்கு அனுப்புகிறேன், நீ அடுத்த முறை வரும்போது கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ என் மகன் என்று அவருக்கு நான் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வா. சனிக்கிழமை வந்தால் டெம்போதான் வாசலில் நிற்கும். அந்த வெள்ளைப் பேஸ்ட்டையும் எடுத்துக்கொண்டு வா. வேலை போன விஷயத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. கஷாயத்தை முதலில் குடித்துவிட்டுச் சொல். நான் பக்கத்தில் இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

சிப்பைத் துணியில் சுற்றி எடுத்து வா. வறுத்துத் தின்றுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீயே உட்கார்ந்து மாட்டி, நீயே சுவிட்சைப் போடு. திரையில் "அப்பா, டீ எங்கே" என்று வந்தால் டீ இருக்கும். வராவிட்டாலும் டீ இருக்கும்.

இப்படிக்கு,
ஓசூர் பார்ட்டி